டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பிக்கலாமா? வயது 38, பினாங்கு

இரவுஷிப்ட்_பாயான்

வணக்கம். கூச்சத்தை ஒதுக்கி வச்சிட்டுத்தான் எழுதுறேன். பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை. 12 மணி நேர ஷிப்ட், பகலும் ராத்திரியும் மாறி மாறி வரும். கல்யாணமாகி மூணு வருஷம். குழந்தைக்கு முயற்சி பண்ணிட்டு இருக்கோம்.

ஒரு வருஷமா உடம்புல தெம்பே இல்லை. வேலை முடிஞ்சு வந்தா சோபாவிலேயே சாய்ஞ்சிடுறேன். முன்னெல்லாம் தண்ணீர்மலை படியை நிக்காம ஏறுவேன், இப்ப பாதியில உட்கார வேண்டியிருக்கு. வீட்டுக்காரம்மா மேல பாசம் குறையலை, ஆசை குறைஞ்சு போச்சு. அவங்க ஒன்னும் கேட்கலை. கேட்காம இருக்கிறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

போன மாசம் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். ஆண்கள் நலப் பேக்கேஜ்னு போர்டு. ராத்திரி ஷிப்ட் முடிச்சு, கொஞ்சம் தூங்கி, மாமாக் கடையில ரொட்டி சானாய், தே தாரே (சீனி போட்ட பால் டீ) சாப்பிட்டுட்டு சாயங்காலம் நாலு மணிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன், அதாவது ஆண் ஹார்மோன், லிட்டருக்கு 9.8 நானோமோல்னு வந்துச்சு. "குறைவு, இன்னைக்கே முதல் ஊசி போடலாம், ஒரு வருஷப் பேக்கேஜ் எடுத்தா விலை குறைச்சுத் தர்றோம்"னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

உயரம் 170, எடை 94 கிலோ. சுகர் எல்லையில இருக்குன்னு கம்பெனி செக்கப்ல சொல்லியிருக்காங்க. போடலாமா, வேணாமா?

ஜிம்தம்பி_கேஎல்

போடுங்க அண்ணே. 38 வயசுல 9.8ங்கிறது ரொம்பக் குறைச்சல். எங்க ஜிம்ல நாலஞ்சு பேர் போடுறாங்க, மூணு மாசத்துல ஆளே மாறிட்டாங்க. சும்மா இழுத்தடிச்சுட்டே இருந்தா வயசுதான் போகும். பேக்கேஜ் விலை அதிகம்னா சொல்லுங்க, மருந்து வெளியில வாங்கலாம்.

செந்தூல்காரன்

தம்பி, கொஞ்சம் நிதானமா இருங்க. நான் இந்த ஊசியிலதான் வாழுறேன், அதனால ஊசிக்கு எதிரி இல்லை.

என் கதையைச் சுருக்கமா சொல்றேன். எனக்கு 51 வயசு, செந்தூல்ல வீடு. நாற்பதை ஒட்டி உங்க மாதிரியே சோர்வு, ஆசையின்மை. கூடவே தலைவலி, தாடி வளர்றது குறைஞ்சது. ஓட்டும்போது பக்கத்து லேன்ல வர்ற மோட்டார் கண்ணுல படாது. கவர்மெண்ட் கிளினிக் டாக்டர் காலையில ரத்தம் எடுத்தார், ரெண்டு தடவை. டெஸ்டோஸ்டிரோன் மூணுக்கும் கீழே. அதோட நிறுத்தாம எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின்னு பிட்யூட்டரி சுரக்கிற ஹார்மோன்களையும் பார்த்தார். புரோலாக்டின் பல மடங்கு அதிகம். எம்ஆர்ஐயில மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில கட்டி. அது கண் நரம்பை அழுத்திட்டு இருந்திருக்கு. மாத்திரைக்குச் சரியா கட்டுப்படலை, ஆப்பரேஷன் ஆச்சு. சுரப்பி பழையபடி வேலை செய்யலை, அதனால நெபிடோங்கிற டெஸ்டோஸ்டிரோன் ஊசி.

அன்னைக்கு யாராவது சாயங்காலம் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு நேரா ஊசி போட்டிருந்தா எனக்குத் தெம்பு வந்திருக்கும். கட்டி உள்ளேயே வளர்ந்திருக்கும். அதை நினைச்சாலே உடம்பு நடுங்குது. உங்களுக்கு அப்படி இருக்குன்னு சொல்லலை. டெஸ்டோஸ்டிரோன் ஏன் குறைஞ்சதுங்கிற கேள்விக்குப் பதில் தெரியாம அதை நிரப்பக் கூடாதுங்கிறேன்.

மருந்துக்கடை_அக்கா

நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல மருந்தாளர். தம்பி, உங்க பதிவுல ஒரு வரியைப் படிச்சுட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். "குழந்தைக்கு முயற்சி பண்ணிட்டு இருக்கோம்." இதை அந்தக் கிளினிக்ல கேட்டாங்களா?

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உள்ளே போனா, மூளை "போதும்"னு நினைச்சு, விதையை வேலை செய்யச் சொல்ற எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் ரெண்டையும் நிறுத்திடும். தினமும் வெளிச்சாப்பாடு வந்துட்டே இருந்தா வீட்டுல அடுப்பே பத்த வைக்க மாட்டாங்க இல்லையா, அதே கதைதான். விதைக்குள்ள விந்தணு உருவாக, ரத்தத்துல இருக்கிறதைவிடப் பல மடங்கு டெஸ்டோஸ்டிரோன் அங்கேயே சுரக்கணும். ஊசி போட்டா ரத்தத்துல அளவு ஏறும், விதைக்குள்ள இறங்கும். பல பேருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போயிடும். இதை வச்சு ஆண்களுக்கான கருத்தடை ஊசி செய்ய முடியுமான்னு உலகச் சுகாதார நிறுவனமே ஆராய்ச்சி பண்ணியிருக்கு.

நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும். ஆனா ஆறு மாசம், ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு வருஷம்கூட ஆகும். சிலருக்குப் பழைய எண்ணிக்கை வராமலே போகலாம். உங்க மனைவியோட வயசையும் இதுல சேர்த்துக் கணக்குப் போடணும். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தோட வழிகாட்டியில, குழந்தைக்கு முயற்சி பண்ற ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் எழுதிக் கொடுக்கக் கூடாதுன்னே இருக்கு.

குழந்தை வேணும், அளவும் நிஜமாவே குறைவுன்னா வேற வழி இருக்கு. குளோமிஃபீன் மாத்திரை, ஹெச்சிஜி ஊசி மாதிரி, நம்ம உடம்பையே சுரக்க வைக்கிற மருந்துகள். அதை நிபுணர் பார்த்துத்தான் தரணும், கவுண்டர்ல கேட்டு வாங்குறது இல்லை.

ஜிம்தம்பி, "வெளியில வாங்கலாம்"னு எழுதியிருக்கீங்க. டெஸ்டோஸ்டிரோன் இங்கே டாக்டர் சீட்டு இல்லாம விற்கவே கூடாத மருந்து. பெட்டியில MALனு தொடங்குற பதிவு எண்ணும் பாதுகாப்பு ஸ்டிக்கரும் இல்லைன்னா உள்ளே என்ன எண்ணெய், எவ்வளவு மருந்து, சுத்தமா அடைச்சதான்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தப் பதிவு எண்ணை என்பிஆர்ஏ (மருந்துகளைப் பதிவு செய்யுற அரசு அமைப்பு) இணையதளத்துல நீங்களே தேடிப் பார்க்கலாம்.

ஜிம்தம்பி_கேஎல்

அக்கா, மரியாதையோடதான் கேட்குறேன். லேப்ல "நார்மல்"னு போடுற எல்லை ரொம்பப் பெரிசு. ஒருத்தருக்கு 10, இன்னொருத்தருக்கு 28, ரெண்டும் நார்மலாம். 28ல இருந்தவன் 11க்கு இறங்கினா அவனுக்கு அது குறைவுதானே? "உனக்கு ஒன்னும் இல்லை, போய்த் தூங்கு"ன்னு திருப்பி அனுப்பிடுறாங்க. எத்தனை பேர் இதனாலயே வெளியில போய் வாங்குறாங்க தெரியுமா? விந்தணு விஷயமும், நிறுத்தினதும் ஒரு கோர்ஸ் மாத்திரை போட்டா வந்துடும்னுதான் ஜிம்ல எல்லாரும் சொல்றாங்க.

கிளினிக்_டாக்டர்

கிளினிக் கெசிஹத்தான்ல, அதாவது கவர்மெண்ட் சுகாதாரக் கிளினிக்ல வேலை செய்றேன். தம்பி கேட்டது நியாயமான கேள்வி. வெறும் எண்ணை வச்சு "ஒன்னும் இல்லை"ன்னு அனுப்புறதும் தப்பு, வெறும் எண்ணை வச்சு ஊசி போடுறதும் தப்பு.

எல்லைக்கோடு உலகம் முழுக்க ஒன்னா இல்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் 2018ல் வச்ச கோடு டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். நம்ம லேப் கணக்குல அது 10.4 நானோமோல். அமெரிக்க ஹார்மோன் நிபுணர்களோட எண்டோக்ரைன் சொசைட்டி 264, அதாவது 9.2 நானோமோல். ஐரோப்பியச் சிறுநீரியல் நிபுணர்கள் 12 நானோமோல் என்கிறார்கள். ஆக 9க்கும் 12க்கும் நடுவுல வர்றவர் சாம்பல் நிறப் பகுதியில இருக்கார். அங்கேதான் அறிகுறிகளைக் கவனமா கேட்கணும். ஐரோப்பாவுல 40 முதல் 79 வயது வரைக்குமான ஆண்களை வச்சு நடந்த பெரிய ஆய்வு 2010ல் வந்தது. சோர்வு, தூக்கக் கலக்கம், மனச்சோர்வு இதெல்லாம் டெஸ்டோஸ்டிரோன் அளவோட அவ்வளவா ஒட்டலை. நல்லா ஒட்டினது மூணு விஷயம்: ஆசை குறையுறது, காலையில தானா வர்ற விறைப்பு நின்னு போறது, உறவின்போது விறைப்பு இல்லாம போறது. இந்த மூணும், அளவு 11க்குக் கீழேயும், ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனும் (புரதத்தோட ஒட்டாம உடம்புக்குக் கிடைக்கிறது) குறைவாகவும் சேர்ந்து இருந்தவங்க 100க்கு ரெண்டு பேர்தான்.

பாயான் தம்பி, உங்க டெஸ்டைப் பத்திச் சொல்றேன். அந்த 9.8ஐ நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். இந்த ஹார்மோன் தூக்கத்துல ஏறும், எழுந்த கொஞ்ச நேரத்துல உச்சத்துல இருக்கும், அப்புறம் இறங்கும். நீங்க ராத்திரி முழுக்க முழிச்சிருந்துட்டு, பகல்ல அரைகுறையாத் தூங்கிட்டு, சாப்பிட்டுட்டு, நாலு மணிக்குக் கொடுத்திருக்கீங்க. ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்த ஒரு சின்ன ஆய்வுல பகல் நேர அளவு 10 முதல் 15 சதவீதம் குறைஞ்சது. குளுக்கோஸ் தண்ணி குடிச்சதும் அளவு சுமார் கால் பங்கு இறங்கினதை இன்னொரு ஆய்வு காட்டியிருக்கு. தே தாரேல இருக்கிற சீனியை நினைச்சுக்குங்க.

சரியான முறை இதுதான். வெறும் வயித்துல, காலை 7 முதல் 10 மணிக்குள்ள, வேற வேற நாள்ல ரெண்டு தடவை. ஷிப்ட் வேலைக்காரங்களுக்கு "காலை"ன்னா தூங்கி எழுந்து ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள. முடிஞ்சா ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு, லீவு நாள்ல ராத்திரி ஒழுங்கா தூங்கின பிறகு போங்க. டெங்கி மாதிரி காய்ச்சல் வந்து எழுந்த உடனே எடுத்தா தப்பான குறைவு காட்டும், சில வாரம் தள்ளிப் போடுங்க. ரெண்டாவது தடவை எடுக்கும்போது எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின், எஸ்ஹெச்பிஜி, ரத்த எண்ணிக்கை, ஹெச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர்) எல்லாம் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க. விந்துப் பரிசோதனையும்.

எஸ்ஹெச்பிஜி எதுக்குன்னா, அது டெஸ்டோஸ்டிரோனைச் சுமக்கிற புரதம். எடை கூடினவங்களுக்கும் சுகர் உள்ளவங்களுக்கும் அது குறையும். சுமக்கிற புரதம் குறைஞ்சா மொத்த அளவும் குறைவாத் தெரியும், உடம்புக்குக் கிடைக்கிற ஃப்ரீ அளவு சரியாவே இருக்கும். நம்ம ஆட்கள்ல இது ரொம்பச் சகஜம். 2019 தேசியச் சுகாதார ஆய்வுல மலேசிய இந்தியப் பெரியவங்கள்ல 31.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. வேற எந்த இனத்துக்கும் இவ்வளவு இல்லை.

ஜிம்தம்பி, நிறுத்தினதும் மாத்திரை போட்டா எல்லாம் திரும்பிடும்ங்கிறதுக்கு உத்தரவாதம் யாராலயும் கொடுக்க முடியாது. எவ்வளவு நாள் போட்டீங்க, எவ்வளவு அளவு, உங்க விதை முன்னாடி எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் பொறுத்தது. நீங்க ஏற்கெனவே போட்டுட்டு இருந்தீங்கன்னா திட்ட மாட்டேன், ரத்த எண்ணிக்கை மட்டும் உடனே பாருங்க. சிவப்பணு விகிதம் 54 சதவீதத்தைத் தாண்டினா ரத்தம் கெட்டியாகி, உறையுற ஆபத்து வரும்.

பிறைவாசி57

தம்பி ஆரம்பிச்ச இழையில நுழையுறதுக்கு மன்னிக்கணும். நானும் இதே முடிவை எடுக்க வேண்டிய இடத்துல நிக்கிறேன்.

வயசு 57. பிறையில குடியிருக்கேன். பதினைஞ்சு வருஷமா சுகர். ஆறு வருஷம் முன்னாடி இருதயத்துல ஒரு ஸ்டென்ட். ரெண்டு காலை டெஸ்ட்லயும் 6.1, 6.6. டாக்டர் ஏன் குறைவுன்னு எல்லாம் தேடிப் பார்த்துட்டார், பிட்யூட்டரி சரியா இருக்கு. எடையையும் ஒன்பது கிலோ குறைச்சேன், அளவு பெரிசா ஏறலை. டாக்டர் சொன்ன அந்த மூணு அறிகுறியும் எனக்கு இருக்கு. எலும்பு ஸ்கேன்லயும் பலவீனம். "ஆரம்பிக்கலாம், ஆனா உங்க முடிவு"ன்னார். என் பயம் இருதயம்தான். ஊசி போட்டா ஹார்ட் அட்டாக் வரும்னு ஒரு வீடியோவுல பார்த்தேன்.

கிளினிக்_டாக்டர்

ஐயா, அந்தப் பயம் வெறும் வதந்தியில இருந்து வந்தது இல்லை. பத்து வருஷத்துக்கும் முன்னாடி வந்த சில ஆய்வுகள் அப்படிக் காட்டின, 2015ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கையும் போட வச்சது. அதைத் தீர்க்கத்தான் ட்ராவர்ஸ் ஆய்வு நடந்துச்சு. 45 முதல் 80 வயது வரை, இருதய நோய் உள்ளவங்க அல்லது வர வாய்ப்பு அதிகம் உள்ளவங்க, அளவு 300 நானோகிராமுக்குக் கீழே. 5,200 பேருக்கு மேல். பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஜெல், பாதிப் பேருக்கு வெறும் ஜெல். 2023ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு சேர்த்து 7.0 சதவீதம், வெறும் ஜெல் பூசினவங்களுக்கு 7.3. கூடலை.

ஆனா அதோட முடியலை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாம போறது, நுரையீரல்ல ரத்தம் உறையுறது, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, இந்த மூணும் மருந்து எடுத்தவங்களுக்குக் கொஞ்சம் அதிகம். உங்களுக்கு முன்னாடி கால்லயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சிருந்தா, படபடப்பு இருந்தா, சுகரால சிறுநீரகம் பலவீனமா இருந்தா, அதை டாக்டர்கிட்ட முதல்ல சொல்லுங்க. ரத்த அழுத்தமும் ஏறலாம். மாரடைப்பு அல்லது பக்கவாதம் வந்து ஆறு மாசம் ஆகாதவங்களுக்குத் தொடங்கவே கூடாது.

எலும்புக்காக எடுக்கிறதா இருந்தா இதையும் கேளுங்க. டெஸ்டோஸ்டிரோன் எலும்பு அடர்த்தியைக் கூட்டும்னு முந்தைய ஆய்வுகள் காட்டின. ஆனா ட்ராவர்ஸ்ல எலும்பு முறிவு மருந்து எடுத்தவங்களுக்குத்தான் அதிகமா வந்துச்சு, 2024ல் தனிக் கட்டுரையா வெளியாச்சு. ஏன்னு இன்னும் விளங்கலை. அதனால எலும்புக்குத் தனியா மருந்து கேளுங்க, இதை நம்பாதீங்க.

எதிர்பார்ப்பையும் அளவோட வைங்க. 65 வயசுக்கு மேற்பட்ட 790 பேரை வச்சு நடந்து, 2016ல இருந்து முடிவுகள் வந்த ஆய்வுல ஆசையும் உறவும் ஓரளவு நல்லாச்சு, மனநிலை கொஞ்சம், ரத்தசோகை குறைஞ்சது. "தெம்பு"ன்னு தனியா அளந்ததுல பெரிய மாற்றம் இல்லை.

ஜார்ஜ்டவுன்_அக்கா

மனைவிங்க யாரும் எழுதலை, அதனால நான் எழுதுறேன்.

எங்களுக்கும் குழந்தை இல்லாமத்தான் முதல்ல டாக்டர்கிட்ட போனோம். பரிசோதனை எல்லாம் எனக்குத்தான் முதல்ல நடந்துச்சு, ஸ்கேன், ஊசி, எல்லாம். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் அவருக்கு ஒரு விந்துப் பரிசோதனை எடுத்தாங்க. ஒரு விந்தணுகூட இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்ஹெச் ரொம்ப அதிகம். குரோமோசோம் டெஸ்ட்ல க்ளைன்ஃபெல்டர். ஒரு எக்ஸ் கூடுதலா இருக்கிறது. சுமார் 600 ஆண்கள்ல ஒருத்தருக்கு இருக்குமாம், பாதிப் பேருக்கு மேல் தெரியாமலே வாழ்ந்துடுவாங்களாம். அவருக்கு 36 வயசு வரைக்கும் யாரும் பரிசோதிச்சுப் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். அவருக்கு டெஸ்டோஸ்டிரோன் தேவைன்னு அன்னைக்கே தெரிஞ்சுது. ஆனாலும் டாக்டர் உடனே கொடுக்கலை. முதல்ல விதையில இருந்து நேரடியா விந்தணு எடுக்க முயற்சி பண்ணலாம், ஊசி ஆரம்பிச்சா அந்த வாய்ப்பு சுருங்கிடும்னார். முயற்சி பண்ணினோம், கிடைக்கலை. அழுதோம். அப்புறம்தான் ஊசி. இப்ப நாங்க ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து வளர்க்கிறோம். அந்த ஒரு வாய்ப்பை எங்களுக்கு விட்டு வச்ச டாக்டரை நான் தினமும் நினைச்சுக்குவேன்.

ஊசிக்கு அப்புறம் அவர் மாறினார், அது உண்மை. காலையில எழுந்திருக்கிறதுல மாற்றம், முகத்துல மாற்றம். ஊசிக் காலம் முடியுற கடைசி ரெண்டு வாரம் கொஞ்சம் எரிச்சல் வரும், அதை நாங்க காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கோம்.

தம்பி, உங்க மனைவி கேட்காம இருக்காங்கன்னு எழுதியிருந்தீங்க. நானும் கேட்காமத்தான் இருந்தேன். அவர் என்னை வெறுத்துட்டார்னு நினைச்சு அமைதியா இருந்தேன். இன்னைக்கே அவங்ககிட்ட அந்த டெஸ்ட் தாளைக் காட்டுங்க.

செந்தூல்காரன்

அக்கா எழுதினதைப் படிச்சுக் கண் கலங்கிட்டேன்.

தம்பிக்கும் பிறை ஐயாவுக்கும் ஊசியோட அன்றாடத்தைச் சொல்றேன், இதை யாரும் பேக்கேஜ் விற்கும்போது சொல்ல மாட்டாங்க. நெபிடோ 4 மில்லி, விளக்கெண்ணெய் மாதிரி கெட்டி. பின்பக்கத் தசையில ரெண்டு நிமிஷமாவது மெதுவா ஏத்தணும். அவசரமா ஏத்தினா, எண்ணெய்த் துளி ரத்தத்துல கலந்து உடனே இருமல், மூச்சுத் திணறல் வரலாம். அதனால ஊசிக்கு அப்புறம் அரை மணி நேரம் கிளினிக்லயே உட்கார்ந்திருப்பேன். ரெண்டாவது ஊசி ஆறு வாரத்துல, அப்புறம் 10 முதல் 14 வாரத்துக்கு ஒரு தடவை. சஸ்டனான்ங்கிற இன்னொரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுறவங்க மூணு வாரத்துக்கு ஒரு தடவைன்னு சொல்றாங்க, அதுல ஏற்ற இறக்கம் அதிகமாத் தெரியும்.

ரத்தப் பரிசோதனை நிற்கவே நிற்காது. முதல் வருஷம் அடிக்கடி, அப்புறம் வருஷா வருஷம். சிவப்பணு விகிதம், பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), விதை, புராஸ்டேட். எனக்கு ஒரு தடவை சிவப்பணு 55 தொட்டுச்சு, இடைவெளியைக் கூட்டிச் சரி பண்ணினாங்க. நிறுத்தினா என் உடம்பு தானா சுரக்காது, அதனால எனக்கு இது வாழ்நாள் மருந்து. உங்களுக்குச் சுரப்பி நல்லா இருந்து வீணா ஆரம்பிச்சீங்கன்னா, நிறுத்தும்போது அது தூங்கிக் கிடக்கும். எழுந்திருக்கிற வரைக்கும் இப்ப இருக்கிறதைவிட மோசமா இருக்கும். அந்தச் சில மாசத்தைத் தாங்க முடியாமலே பல பேர் திரும்ப ஊசிக்குப் போயிடுறாங்க.

மருந்துக்கடை_அக்கா

தொங்காட் அலி (ஆண்மைக்குன்னு விற்கிற மூலிகை வேர்) பத்தித் தனிச் செய்தியில ரெண்டு பேர் கேட்டாங்க, இங்கேயே சொல்லிடுறேன். அந்த வேர்ச்சாறுல டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் ஏறினதாச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனா கடையில விற்கிற "ஆண்மைக் காப்பி"ப் பாக்கெட்டுகள்ல சில்டெனாஃபில், தடலாஃபில் மாதிரி விறைப்புக்கான மருந்தைச் சொல்லாம கலந்து பிடிபட்டது உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில நைட்ரேட் வைக்கிற ஆள் அதைக் குடிச்சா ரத்த அழுத்தம் தடாலடியா இறங்கி உயிருக்கே ஆபத்து. பிறை ஐயா, உங்களுக்கு ஸ்டென்ட் இருக்கு, தயவுசெஞ்சு அந்தப் பக்கமே போகாதீங்க.

பிறைவாசி57

போகலைம்மா. டாக்டர், இன்னொரு சந்தேகம். ஜெல்லா, ஊசியா? ஜெல்னா பிரச்சினை வந்தா உடனே நிறுத்தலாம்னு என் டாக்டர் அதைத்தான் முதல்ல சொன்னார். ஆனா பேரன் என் தோள்லயேதான் தூங்குவான், ரெண்டு வயசு.

கிளினிக்_டாக்டர்

ஐயா, இதைச் சொன்னது நல்லதாப் போச்சு. ஜெல் பூசின தோல் குழந்தை மேல பட்டா மருந்து அவன் உடம்புக்குப் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு வயசுக்கு மீறிய முடி, உறுப்பு வளர்ச்சி வந்த சம்பவங்கள் உண்டு, அதுக்காகவே மருந்துப் பெட்டியில எச்சரிக்கை இருக்கு. பூசி, காய விட்டு, சட்டை போட்டு மூடி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தூக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்தைக் கழுவினா ஆபத்து ரொம்பக் குறையும். ஆனா தினமும், தவறாம. முடியாதுன்னு தோணினா டாக்டர்கிட்ட வெளிப்படையா சொல்லி ஊசி கேளுங்க. குறட்டை உண்டா? தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா அதை முதல்ல சரி பண்ணணும், டெஸ்டோஸ்டிரோன் அதை மோசமாக்கலாம். பாயான் தம்பி, இதே கேள்வி உங்களுக்கும்.

இரவுஷிப்ட்_பாயான்

எல்லாருக்கும் நன்றி. ரிசல்ட் வரட்டும்னு காத்திருந்தேன்.

ஷிப்ட் மாறுற இடைவெளியில ரெண்டு ராத்திரி நல்லா தூங்கிட்டு, பசியாறாம, காலையில போனேன். 13.6. அடுத்த மாசம் மறுபடியும் அதே மாதிரி, 12.9. எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், புரோலாக்டின் எல்லாம் சரி. எஸ்ஹெச்பிஜி குறைவு. ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் கணக்குப் போட்டுப் பார்த்தாங்க, அதுவும் சரி. ஹெச்பிஏ1சி 6.0. இங்கே 6.3 தொட்டா நீரிழிவுன்னு சொல்லிட்டாங்க. விந்துப் பரிசோதனையில எண்ணிக்கை பரவாயில்லை, அசைவு குறைவு.

அக்கா சொன்ன மாதிரி தாளை அவங்ககிட்ட காட்டினேன். அவங்க முதல்ல சொன்னது, "நீங்க குறட்டை விடும்போது நடுவுல மூச்சே நின்னுடுது, நான் எத்தனை ராத்திரி பயந்து உங்களைத் தட்டி எழுப்பியிருக்கேன் தெரியுமா"ன்னு. ராத்திரி ஷிப்ட்லயும், தனியா சோபாவுலயும் தூங்குறதால எனக்கே தெரியலை. கிளினிக் டாக்டர் தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் கொடுத்திருக்கார். நிரந்தரப் பகல் ஷிப்ட் கேட்டு ஹெச்ஆர்ல எழுதியும் கொடுத்துட்டேன்.

ஊசி போடப் போறதில்லை. ஒரு கேள்வி மட்டும். எடை குறைஞ்சா இந்த அளவு இன்னும் ஏறுமா? அசைவும் நல்லாகுமா?

கிளினிக்_டாக்டர்

ரொம்பச் சந்தோஷம் தம்பி. ஏறும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததுல உணவுக் கட்டுப்பாட்டால எடை குறைச்சவங்களுக்குச் சராசரியா 2.9 நானோமோல் ஏறியிருக்கு, எடை குறைப்பு அறுவை சிகிச்சை செஞ்சவங்களுக்கு 8.7. உங்களுக்கு அறுவை பத்தி இப்போ பேச்சே இல்லை. விந்தணு அசைவை உறுதியாச் சொல்ல முடியாது, மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுங்க. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். அதுவரைக்கும் சூடான குளியல், சிகரெட் இருந்தா நிறுத்துங்க. மனைவிக்கும் பரிசோதனை தொடங்குங்க, ஜார்ஜ்டவுன் அக்கா வீட்டுல நடந்த மாதிரி ஒருத்தருக்கு முடிச்சுட்டு இன்னொருத்தருக்குன்னு காத்திருக்க வேணாம்.

ஒன்னு மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆஸ்திரேலியாவுல டி4டிஎம்னு ஒரு ஆய்வு, 2021ல் வந்தது. 50 வயசு தாண்டின, எடை கூடின, சுகர் எல்லையில இருந்த ஆண்கள் சுமார் ஆயிரம் பேர். எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சித் திட்டம், பாதிப் பேருக்குக் கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ரெண்டு வருஷத்துல நீரிழிவு அளவுல இருந்தவங்க ஊசிக்காரங்கள்ல 12 சதவீதம், மத்தவங்கள்ல 21. இதைக் காட்டி யாராவது உங்ககிட்ட சுகருக்காக ஊசி போடச் சொல்வாங்க. அதே ஆய்வுல ஊசி போட்டவங்கள்ல 22 சதவீதம் பேருக்குச் சிவப்பணு 54ஐத் தாண்டுச்சு. அதையும் சேர்த்துக் கேளுங்க. குழந்தைக்கு முயற்சி பண்ற வரைக்கும் உங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது.

ஜிம்தம்பி_கேஎல்

டாக்டர், ரத்த எண்ணிக்கை எடுத்தேன். 56. அடுத்து என்ன பண்றது?

கிளினிக்_டாக்டர்

அடுத்த ஊசியைப் போடாதீங்க. நாளைக்கே கிளினிக் கெசிஹத்தானுக்குப் போங்க, 1 வெள்ளி (ரிங்கிட்) தான் கட்டணம். என்ன போட்டீங்க, எவ்வளவு, எத்தனை மாசம்னு மறைக்காம சொல்லுங்க, போலீசுக்குப் போறதுக்காக யாரும் கேட்கலை. நெஞ்சுவலி, ஒரு பக்கக் கால் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல், பார்வை மங்கல் எது வந்தாலும் நேரா அவசரப் பிரிவு. தண்ணி நல்லாக் குடிங்க. எங்கே போறதுன்னு தெரியலைன்னா தனிச் செய்தி அனுப்புங்க.

செந்தூல்காரன்

தம்பி, கேஎல்லதானே இருக்கீங்க? தனியாப் போகத் தயக்கமா இருந்தா நான் கூட வர்றேன்.

பிறைவாசி57

என் முடிவையும் சொல்லிடுறேன். மகனையும் மருமகளையும் உட்கார வச்சுப் பேசிட்டேன். ஊசிதான் போடப் போறேன், பேரனைத் தள்ளி வைக்க எனக்கு மனசு வரலை. பிஎஸ்ஏ 1.1, சிவப்பணு 42, சிறுநீரகம் பரவாயில்லை. இருதய டாக்டரும் சரின்னுட்டார். ஒரு வருஷம் பார்த்துட்டு, எனக்கு உபயோகம் இல்லைன்னா நிறுத்திடலாம்னு டாக்டர்கிட்டயே பேசி வச்சிருக்கேன். ரத்தம் எப்ப எடுக்கணும், ஊசி போட்ட மறுவாரமா?

கிளினிக்_டாக்டர்

இல்லை ஐயா. ஊசி போட்ட உடனே எடுத்தா உச்ச அளவுதான் தெரியும். இந்த நீண்ட கால ஊசிக்கு, அடுத்த ஊசி போடுறதுக்குச் சற்று முன்னாடி எடுக்கணும். அப்பத்தான் இடைவெளி உங்களுக்குச் சரியா இருக்கான்னு தெரியும். சிவப்பணு விகிதத்தையும் அதே குத்தலில் எடுக்கச் சொல்லுங்க. பிஎஸ்ஏ மூணாவது மாசத்துல இருந்து பன்னிரண்டாவது மாசத்துக்குள்ள ஒரு தடவை பார்க்கணும். முதல் வருஷத்துக்குள்ள 1.4க்கு மேல கூடினா சிறுநீரியல் (யூராலஜி) நிபுணர் பார்க்கணும்.

பிறைவாசி57

குறிச்சுக்கிட்டேன். முதல் ஊசி திங்கட்கிழமை காலையில, மகன் வண்டியில கூட்டிட்டுப் போறான்.